ஈப்போவில் இரண்டு நாள்... எங்கே தங்கலாம்?

"நம்ம ஊருக்குப் போறதுக்கு ஹோட்டலா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட ஏற்பாடு செய்தபோது அப்பா கேட்ட கேள்வி இது. அவர் கோபப்படவில்லை, குறை சொல்லவும் இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறந்து, வளர்ந்து, பால் மரம் சீவிய ஊருக்கு விருந்தாளி மாதிரி போய், காசு கொடுத்துத் தூங்குவதா என்ற வெட்கம்.

பேராக்கில் வேர் உள்ள பல குடும்பங்களில் இந்தக் கேள்வி எப்போதாவது எழுந்திருக்கும். கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஈப்போ பக்கம் வருகிறோம். திருவிழா, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம், மருத்துவமனையில் படுத்திருக்கும் பெரியம்மா என்று காரணம் ஏதாவது இருக்கும். கையில் இருப்பதோ சனி, ஞாயிறு இரண்டே நாள். எங்கே தங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த இரண்டு நாளும் அமைகிறது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

வீடு எங்கே போனது?

கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரம் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. 1877இல் நடப்பட்ட முதல் ரப்பர் கன்றுகளில் எஞ்சியிருப்பது அதுதான். அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் வந்தது நம் பாட்டன் பூட்டன் கதை. சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், பாகான் செராய் என்று பேராக் முழுவதும் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் லயம், பால் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில்.

லயத்து வீடு தோட்டத்து நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த முயற்சி பலரைக் காப்பாற்றியது. எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் தாமான்கள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன.

அதனால்தான் நமக்கு ஊர் இருக்கிறது, ஊரில் வீடு இல்லை. பல இடங்களில் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வருடத்தில் ஒரு நாள், நாலாபுறமும் சிதறிப்போன குடும்பங்கள் அங்கே ஒன்றுகூடுகின்றன. அன்றைக்கு எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேருகிறோம் என்பதுதான் முக்கியம்.

அப்பாவுக்குக் கிடைக்காத பத்து நிமிடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். கைப்பேசியில் தேடினேன். ஈப்போ பழைய நகரில், பழங்காலக் கடைவீட்டைப் புதுப்பித்த ஒரு விடுதி. தரையில் பூப்போட்ட ஓடு, மரச் சன்னல், சுவரில் பழைய சைக்கிள். படம் அவ்வளவு அழகு. உடனே முன்பதிவு செய்துவிட்டேன். அதன் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் தவறு அவர்களுடையது அல்ல. அவர்கள் காட்டியதைத்தான் கொடுத்தார்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் அறை. தெரு முழுக்கச் சுற்றுப்பயணிகள். கார் நிறுத்த இடம் தேடி நாலு சுற்று சுற்றினோம். கடைசியில் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அறை இரண்டாவது மாடியில். மின்தூக்கி இல்லை. அப்பாவுக்கு வயது 78, முழங்கால் வலி. குறுகலான மரப்படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து அவர் மேலே வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. அன்று மாலையே தோட்டத்துக்குப் போய்க் கோயில் பூசையில் கலந்துகொள்வதாகத் திட்டம். மழை பிடித்துக்கொண்டது. மறுபடியும் படி இறங்கி ஏற வேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்றார் அப்பா.

காலையில் பால்குடம் ஏழு மணிக்கு. விடுதியில் பசியாற எட்டு மணிக்கு. காசோடு சேர்த்துக் கட்டியாயிற்று, விடுவானேன் என்று உட்கார்ந்தோம். பசியாறி, பையை இறக்கி, காரை எடுத்து வந்து, சுங்கை சிப்புட் தாண்டித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

அப்பாவோடு ஒரே லயத்தில் அடுத்த வீட்டில் வளர்ந்தவர் ஒருவர். இருவரும் ஒரே பள்ளி, பிறகு பக்கத்துப் பக்கத்து வெட்டில் வேலை. அவர் ஜொகூரிலிருந்து மகனோடு வந்திருந்தார். முதல்நாள் மாலையே வந்து அப்பாவைத் தேடியிருக்கிறார். மறுநாள் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், போக வேண்டியது நீண்ட தூரம் என்று ஒன்பதரைக்கே புறப்பட்டுவிட்டார்கள். அப்பாவும் அவரும் தொலைபேசியில் பேசினார்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த திருவிழாவுக்கு அவர் இல்லை.

அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பூப்போட்ட ஓட்டை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது.

பழைய நகரத்தின் குணம்

பழைய நகரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. அவை நடக்கிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை, கார்களுக்காக அல்ல. மதுரைக்குப் போய்வந்தவர்களுக்கு இது புரியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று வட்டம் வட்டமாகத் தெருக்கள். சித்திரை வீதியில் வாகனம் நுழைய முடியாது. ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள தெருக்களில் தங்கினால் விடியற்காலைத் தரிசனத்துக்கு நடந்தே போகலாம். ஊருக்கு வெளியே நீச்சல்குளம் உள்ள பெரிய ஹோட்டலில் தங்கினால் ஒவ்வொரு தடவையும் போக்குவரத்து நெரிசலைத் தாண்டித்தான் கோயிலுக்கு வர வேண்டும். ஆனால், கோயிலுக்கு ஒரு முறை போய்விட்டு மறுநாள் கொடைக்கானலுக்குப் புறப்படுகிறவருக்கு ஊருக்கு வெளியே தங்குவதுதான் சௌகரியம்.

ஈப்போவுக்கு மதுரையின் வயதில்லை. ஈயம் எழுப்பிய நகரம் இது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த காலத்தில் எழுந்த கடைவீடுகள்தான் இன்றைய பழைய நகரம். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது நகரமும் தூங்கிப்போனது. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால் பல கட்டடங்கள் அப்படியே நின்றன. அதுவே பிறகு அதிர்ஷ்டமாகிவிட்டது. 2014இல் ஓவியர் எர்னஸ்ட் ஸாக்கரெவிச் சுவர் ஓவியங்கள் வரைந்தார். வெள்ளைக் காப்பியைத் தேடியும் லோரோங் பங்லிமா சந்தைப் பார்க்கவும் கூட்டம் வரத் தொடங்கியது. கடைவீடுகள் விடுதிகளாயின.

கடைவீடு என்றால் முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். அதனால் நடுவில் உள்ள சில அறைகளுக்கு வெளிச்சன்னல் இருக்காது. படி செங்குத்தாக இருக்கும். வாசலில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. இதெல்லாம் அந்தக் கட்டடத்தின் இயல்பு. இளம் தம்பதிக்கு அதுவே அழகு. முழங்கால் வலிக்காரருக்கு அதுவே தண்டனை.

ஈப்போவைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்

ஹோட்டல் பெயர்களை நான் இங்கே அடுக்கவில்லை. பெயரும் விலையும் மாறும், பகுதி மாறாது. கிந்தா ஆற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு மேற்கே பழைய நகரம், கிழக்கே புதிய நகரம்.

பழைய நகரமும் ரயில் நிலையமும்: ரயிலில் வருபவர்களுக்கும், காரில்லாமல் நடந்தே சுற்ற விரும்புபவர்களுக்கும் இதுதான் இடம். கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1917இல் முடிந்த வெள்ளை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே நகர மண்டபம். பக்கத்தில் 1909இல் எழுந்த பர்ச் மணிக்கூண்டு, புனித மைக்கேல் பள்ளி. எல்லாம் நடை தூரம். அந்த ரயில் நிலையத்துக்கு உள்ளேயே ஒரு காலத்தில் மெஜஸ்டிக் ஹோட்டல் இருந்தது. பயணி தூங்க வேண்டிய இடம் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். இன்று அந்த ஹோட்டல் இயங்கவில்லை, யோசனை மட்டும் பழையதாகவில்லை.

லிட்டில் இந்தியாவும் புந்தோங்கும்: ஜாலான் லகாட் பக்கம் உள்ள லிட்டில் இந்தியா, நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. காலையில் தோசை, பூ, வெற்றிலை பாக்கு, கடைசி நேரத்தில் மறந்துபோன வேட்டி எல்லாம் இங்கே கிடைக்கும். காரியம், கல்யாணம் என்று வருபவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புந்தோங். எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கச்சான் பூத்தே வறுத்து விற்றுப் புகழ் பெற்ற இடம் அது. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடிகள் போகும். அன்றைக்கு இங்கே சாலைகள் அடைக்கப்படும். காவடி எடுப்பவர் குடும்பம் நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்க வேண்டும், அறையை நன்றாக முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

புதிய நகரமும் கிரீன்டவுனும்: மின்தூக்கி, கார் நிறுத்துமிடம், குடும்ப அறை உள்ள நடுத்தர, பெரிய ஹோட்டல்கள் அதிகம் உள்ள பகுதி ஈப்போ பரேட் பேரங்காடிச் சுற்றுவட்டாரம். ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வருபவர்களுக்கும் இந்தப் பக்கம்தான் வசதி. இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் பத்து நிமிடத்தில் போய் நிற்கலாம். இது பயணக் கையேடுகளில் இருக்காது, நம் பயணங்களில் இருக்கும்.

மேரு ராயா: விரைவுப் பேருந்தில் வருபவர்கள் இறங்குவது அமான்ஜெயா முனையத்தில். அது நகரின் வடக்கே, பழைய நகரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல். "ஈப்போ பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்" என்ற விளம்பரத்தைப் பார்த்து இங்கே அறை எடுத்துவிட்டு, சுவர் ஓவியம் பார்க்க நடந்தே போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நடக்க முடியாது. ஆனால் காரோடு வந்து, வடக்கே சிம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு, நகர நெரிசலுக்குள் நுழையாமல் நெடுஞ்சாலை ஏற இது நல்ல இடம்.

தம்புன்: சுண்ணாம்புக்கல் மலை, வெந்நீர் ஊற்று, பிள்ளைகள் விளையாட லோஸ்ட் வோர்ல்ட். விடுமுறைக்கென்றே வருபவர்களுக்கு ஏற்றது. திருவிழாவுக்கோ காரியத்துக்கோ வருபவர்கள் இங்கே தங்கினால், பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கிளப்புவதற்குள் பூசை முடிந்துவிடும்.

ஈப்போவில்தான் தங்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. "ஈப்போ பக்கம்" என்று நாம் சொல்வது பெரிய பரப்பு. பத்து காஜா, சுங்கை சிப்புட் என்றால் முப்பது கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். கோலகங்சாரும் கம்பாரும் இன்னும் கொஞ்சம் தள்ளி. தாப்பா, தைப்பிங், தெலுக் இந்தான், சித்தியவான் என்று போனால் ஈப்போவில் தங்குவது வீண் அலைச்சல். தைப்பிங்கில் ஏரிப் பூங்கா இருக்கிறது, தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் இருக்கிறது. அந்த ஊர்களிலும் தங்க இடம் உண்டு, பார்க்கவும் ஏதாவது உண்டு.

ரயிலும் ஈப்போவில் மட்டும் நிற்பதில்லை. சிலிம் ரிவர், சுங்கை, தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா, சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், பாகான் செராய், பாரிட் புந்தார் என்று பேராக்கில் பல நிலையங்கள் உண்டு. எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது, சீட்டு வாங்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன நகரங்களின் விடுதிகள் பெரும்பாலும் சாதாரணமானவை. கட்டில், குளிர்சாதனம், வெந்நீர், அவ்வளவுதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டியவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு

விலையை ஒப்பிடும்போது அறை வாடகையை மட்டும் பார்க்கிறோம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். தூரத்தில் உள்ள அறை இரவுக்கு 40 வெள்ளி குறைவு. ஆனால் அங்கிருந்து நகருக்குள் வர ஒவ்வொரு தடவையும் கிரேப் 15 வெள்ளி. ஒரு நாளைக்கு நாலு தடவை போய்வந்தால் 60 வெள்ளி. மிச்சம் பிடித்தது எங்கே? அதோடு நெரிசலில் போகும் நேரமும் இருக்கிறது. இரண்டு நாள் பயணத்தில் தூங்குகிற நேரம் போக நம் கையில் இருப்பது முப்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையவோ கூடவோ. அதில் மூன்று மணி நேரம் சாலையில் போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

ஆகவே நான் இப்போது இரண்டே இரண்டு கேள்விகளில் தொடங்குகிறேன். இந்தப் பயணத்தில் எதைத் தவறவிடவே கூடாது? காரில் இருப்பவர்களில் யாருக்கு நடப்பது கஷ்டம்? முதல் கேள்வி பகுதியைத் தீர்மானிக்கும். இரண்டாவது கேள்வி அந்தப் பகுதியில் எந்த விடுதி என்பதைத் தீர்மானிக்கும். படம், விலை, நீச்சல்குளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

இணையத்தில் முன்பதிவு செய்தாலும் ஒரு முறை விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். ஐந்து நிமிடம்தான்.

• மின்தூக்கி இருக்கிறதா? இல்லையென்றால் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா? "முதல் மாடி" என்று சொன்னால் எத்தனை படி என்று கேளுங்கள்.

• கார் நிறுத்துமிடம் விடுதியுடையதா, தெருவோரமா? வார இறுதியில் அந்தத் தெரு அடைக்கப்படுமா?

• அறைக்குச் சன்னல் இருக்கிறதா? கழிப்பறை உள்ளேயா, பொதுவா?

• மூன்று மணிக்கு முன்னால் அறை தருவார்களா? இல்லையென்றால் பையை வைத்துவிட்டுக் குளித்து உடை மாற்றவாவது இடம் உண்டா? காரியத்துக்கு வருபவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

• பசியாற எத்தனை மணிக்கு? நாம் புறப்படும் நேரத்துக்குப் பிறகு என்றால் அது இல்லாத விலையைக் கேளுங்கள். நான் விட்ட கோட்டை இதுதான்.

• விடியற்காலை நாலரை மணிக்கு வாசல் திறந்திருக்குமா, வெந்நீர் வருமா? சின்ன விடுதிகளில் இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவதும் உண்டு.

• சிங்கப்பூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ உறவினர் உடன் வருகிறார்களா? வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு. மலேசியர்களுக்கு இல்லை. அறை யார் பெயரில் என்பதை முன்பே முடிவு செய்து, மைகார்டை எடுத்து வையுங்கள்.

அத்தைக்கு என்ன பதில் சொல்வது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். "நான் இருக்கும்போது ஹோட்டல்ல தங்குவியா?" என்று கேட்கும் அத்தை நம் எல்லாருக்கும் உண்டு. அந்த அன்பைத் தட்ட முடியாது. ஆனால் அத்தையின் வீடு இப்போது தாமானில் ஒரு தரைவீடு, மூன்று அறை, ஒரு குளியலறை. நாம் ஐந்து பேர் போனால், கூடத்தில் பாய் விரித்து, தன் கட்டிலை நமக்குக் கொடுத்துவிட்டு, அவர் சமையலறையில் தூங்காமல் கிடப்பார். காலையில் நாலு மணிக்கே எழுந்து நமக்குச் சமைப்பார்.

எங்கள் வீட்டில் நாங்கள் கண்டுபிடித்த வழி இது. ஹோட்டல் எடுத்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், வந்த பிறகு தெரிய விடுவதில்லை. தங்குவது விடுதியில், சனிக்கிழமை இரவுச் சாப்பாடு அத்தை வீட்டில். போகும்போது அரிசி, பழம், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப் போகிறோம். அத்தையைச் சமையலறைக்கு அனுப்பாமல் உட்கார வைத்துப் பேசுகிறோம். சாவு வீட்டுக்குப் போகிற நாளில் இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சாவு வீட்டிலிருந்து வந்து குளிக்காமல் இன்னொருவர் வீட்டுக்குள் நுழைய வேண்டிய சங்கடம் இல்லை. அறைக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இரண்டு தடவை இப்படி நடந்த பிறகு அத்தையே, "ரூம் போட்டாச்சா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

மிச்ச நேரத்தில்

முக்கியக் காரியம் முடிந்து ஞாயிறு மதியம் கையில் இரண்டு மணி நேரம் இருந்தால் பிள்ளைகளைக் கெல்லி கோட்டைக்கு அழைத்துப் போங்கள். பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ஐரோப்பிய மத்தியகாலக் கோட்டை மாதிரி கோபுரத்தோடு நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ரப்பர் தோட்ட முதலாளி 1915 வாக்கில் கட்டத் தொடங்கியது. செங்கல் சுமந்தவர்களில் நம்மவர்கள் உண்டு. கட்டுமானம் நடந்தபோது தொற்றுக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் இறந்தனர். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, அவரும் கட்டிக்கொடுத்தார். கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி அந்தக் கோயில் இருக்கிறது. மேலே தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார். அது கெல்லிதான் என்பார்கள்.

1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். கோட்டை முடியவே இல்லை. கட்டியவருக்கும் அங்கே வாழக் கொடுத்துவைக்கவில்லை, கல் சுமந்தவர்களின் லயங்களும் காலப்போக்கில் போயின. கோயிலில் மட்டும் இன்றும் விளக்கு எரிகிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அங்கேயே நின்று சொல்லலாம். நாம் ஏன் இன்னும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குக் கொஞ்சம் புரியும்.

பக்கத்தில்தான்

போன திருவிழாவுக்கு நான் ஈப்போவில் அறை எடுக்கவில்லை. தோட்டத்திலிருந்து கால் மணி நேரத் தொலைவில், சின்ன நகரத்துக் கடைவரிசையில் ஒரு விடுதி. பூப்போட்ட ஓடு இல்லை. சுவரில் ஒரு நாட்காட்டி மட்டும். கீழ்த்தளத்தில் அறை, வாசலிலேயே கார்.

சனிக்கிழமை மாலை அப்பா ஒரு மணி நேரம் படுத்து எழுந்தார். குளித்து வேட்டி கட்டிக்கொண்டார். ஏழு மணிக்குக் கோயிலில் இருந்தோம். இரவு பூசை முடிந்து யாரும் உடனே கலையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, எந்த வெட்டில் யார், எந்தத் தண்டல் எப்படி, பிரட்டுக்கு நேரம் கழித்துப் போனால் என்ன நடக்கும் என்று பதினொரு மணிவரை பேசினார்கள். இருக்கிறவர்களைப் பற்றிப் பேசினார்கள், இல்லாதவர்களைப் பற்றியும் பேசினார்கள். அடுத்த வீட்டு நண்பரின் பெயர் வந்தபோது அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரும் ஒரு கதை சொன்னார்.

புறப்படும்போது வயதான அம்மா ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எங்கப்பா தங்கியிருக்கே?"

மூன்று ஆண்டுகளுக்கு முன்னாலாக இருந்தால் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை.

"இங்கதான், பக்கத்துல" என்றார்.